வெள்ளி எங்கே விளைகிறது?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்த மறுநாள், நண்பர்கள் நால்வர் லட்சுமி சாலையில் நடந்துகொண்டிருந்தோம். எங்களுள் மூத்தவரான பொறியியல் நண்பர் தம் தங்கைக்குக் கொலுசு வாங்க வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடையில் கொலுசைக் கையில் வைத்து எடை பார்த்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, தங்கம் கோலாரில் விளைந்தது, அது எனக்குத் தெரியும். இந்த வெள்ளி எங்கே விளைகிறது? நீதான் கல்லைப் படிக்கிறவன் ஆயிற்றே!" என்றார்.

எனக்குத் தயக்கமே இல்லை. "நம் நாட்டில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது, அண்ணா. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்றேன். உடன் வந்த வரலாற்று மாணவன் விடவில்லை. "ராஜஸ்தானத்தில் ஜாவர் என்ற ஊரில் ராணா லாகா காலத்து வெள்ளிச் சுரங்கம் இருந்ததாகப் படித்திருக்கிறேனே?" என்றான். "அதெல்லாம் பழங்கதை" என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

நான் சொன்னது பிழை. அவன் சொன்னதும் பிழை. எங்கள் வகுப்பினருடன் உதயப்பூர்ப் பக்கம் களப்பணிக்குச் சென்று திரும்பிய பிறகுதான் இரண்டும் எனக்கு விளங்கின. அன்று கடையில் நின்று அவ்வளவு உறுதியாகப் பேசியவன் நான். ஆகவே திருத்தத்தை நான்கு பேர் படிக்கும் இடத்திலேயே எழுதிவிடுவது முறை என்று இதை எழுதுகிறேன்.

முதலில் நாம் வாழும் இந்தப் புனே மண்ணையே எடுத்துக்கொள்வோம். வேதாள் குன்றில் மாலையில் ஏறுபவர்கள் காலடியில் மிதிக்கும் கருங்கல், ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நில வெடிப்புகளின் வழியே பொங்கி வழிந்து, அடுக்கடுக்காக உறைந்த எரிமலைக் குழம்பு. பசால்ட்டு என்பது அதன் பெயர். இதன் துளைகளில் ஜியோலைட் என்னும் அழகிய படிகங்கள் உண்டு. புனேக் கற்குழிகளில் எடுத்தவை உலகத்து அருங்காட்சியகங்களிலெல்லாம் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் வெள்ளித் தாது இங்கு இல்லை. இவ்வளவு குழம்பு பொங்கியும் ஏன் இல்லை என்று கேட்கலாம். வெள்ளி எங்கும் இருக்கிறது; எங்கும் இல்லாததைப் போல் இருக்கிறது என்பதே விடை. பூமியின் மேலோட்டில் சராசரியாக ஆயிரம் டன் பாறைக்கு எழுபது, எண்பது கிராம் வெள்ளிதான் உண்டு. அந்தச் சிதறலை யாராவது ஓரிடத்தில் கூட்டிச் சேர்த்தாலன்றி அது தாது ஆகாது. கூட்டிச் சேர்ப்பது பெரும்பாலும் நீரின் வேலை. அதிலும் உப்பு மிகுந்த வெந்நீரின் வேலை. பாறை இடுக்குகளில் ஊடுருவி ஓடும் வெந்நீர் உலோகங்களைக் கரைத்து எடுத்துச் சென்று, கந்தகம் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைக்கிறது.

இப்படி இறக்கி வைக்கும்போது வெள்ளி தனியாக இறங்குவது அருமை. ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு இறங்குவதுதான் அதன் வழக்கம். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கனிமத்துக்குக் கலீனா என்று பெயர். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். உடைத்தால் சிறு சிறு சதுரக் கட்டிகளாகப் பிளந்து, புதிய முகங்கள் கண்ணாடிபோல் மின்னும். அந்தப் படிகத்தில் ஈய அணு ஒவ்வொன்றும் இரண்டு மின்னேற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கு உள்ளது ஒரே ஒரு மின்னேற்றம். எனவே தனித்து ஈயத்தின் இருக்கையில் அமர அதனால் இயலாது. ஆனால் மூன்று மின்னேற்றம் உடைய ஆன்டிமனியைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் ஒன்றும் மூன்றும் நான்கு. இரண்டு ஈயத்துக்கும் நான்கு. கணக்கு நேராகிவிடுகிறது. பயணச்சீட்டு இல்லாதவன் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்துவிடுவதைப் போல, இவ்வாறு வெள்ளி கலீனாவுக்குள் புகுந்துவிடுகிறது. கண்ணால் பார்த்து இதில் வெள்ளி உண்டு, இதில் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வெள்ளிச் சுரங்கம் என்று பெயர் பெற்றவை பலவும் உண்மையில் வெள்ளி கலந்த ஈயச் சுரங்கங்களே. ஏதென்ஸ் நகரத்தாருக்குக் கப்பற்படை கட்டப் பொருள் கொடுத்த லாரியம் அப்படிப்பட்டது. பர்மாவில் சீனர்கள் பல நூற்றாண்டு தோண்டிய பாட்வின் சுரங்கமும் அப்படிப்பட்டது. இன்றும் உலகில் ஆண்டுதோறும் வெட்டப்படும் வெள்ளியில், வெள்ளிக்காகவே நடக்கும் சுரங்கங்களிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிகுதி எல்லாம் ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் ஆகியவற்றைத் தேடும்போது உடன் கிடைப்பது. கோலார்த் தங்க வயலில்கூட 2001இல் சுரங்கம் மூடப்படும் வரையில் தங்கத்தோடு சிறிதளவு வெள்ளி வந்துகொண்டுதான் இருந்தது. ஆக, "வெள்ளிச் சுரங்கம் இல்லை" என்ற என் விடையில் சொல் சரி, பொருள் தவறு. ஈயச் சுரங்கம் எங்கே என்று நான் என்னையே கேட்டிருக்க வேண்டும்.

அதற்கு விடை ஆரவல்லி மலைத்தொடர். அம்மலைகளின் பாறைகள் நம் தக்காணப் பாறையைப் போல இளையவை அல்ல. ஏறக்குறைய 170, 180 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. மீனும் இல்லை, சிப்பியும் இல்லை. நுண்ணுயிர்ப் பாசிகள் மட்டும் அடுக்கடுக்காகப் படர்ந்திருந்த காலம். உதயப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில் அந்தப் பாசி அடுக்குகள் கல்லாகிக் கிடப்பதை இன்றும் பார்க்கலாம். அக்கடலின் அடியில் வெடிப்புகள் வழியே உப்பு வெந்நீர் கசிந்து, சேற்றிலும் சுண்ணப் படிவிலும் துத்தநாகம், ஈயம், இரும்பு ஆகியவற்றைக் கந்தகச் சேர்மங்களாகச் சேர்த்தது. பின்னர் நிலம் நெருக்குண்டு மடிந்தது. படிவுகள் வெந்து உருமாறின. பில்வாரா மாவட்டத்து ராம்பூரா அகூச்சாவில் சேறு முற்றும் உருமாறி, கரிப்படலம் மினுங்கும் பாறையாக நிற்கிறது. ராஜசமந்து மாவட்டத்து தரீபாவிலும் நல்ல உருமாற்றம். உதயப்பூருக்குத் தெற்கே ஜாவரில் மட்டும் வெப்பம் குறைவு. டாலமைட்டுப் பாறை பெரும்பாலும் பழைய முகத்தோடு இருக்கிறது. ஜாவர், தரீபா, அகூச்சா ஆகிய இம்மூன்று ஊர்ப் பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் பேருந்து ஜாவரை அடைந்தபோது காலை பத்து மணி இருக்கும். மலைச்சரிவில் பழைய சுரங்க வாய்கள் குகைகளைப் போல் திறந்து கிடந்தன. ஒன்றின் வாயிலில் நின்று நான் முதலில் கூரையைத்தான் பார்த்தேன். என் தாயைப் பெற்ற பாட்டனார் கோலாரில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். "உள்ளே காலை வைக்குமுன் மேலே பார்" என்று பிள்ளைகளான எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் விளையாட்டுக்குக் கட்டிலுக்கடியில் புகுந்தாலும் அதே பேச்சுத்தான். அந்தப் பழக்கத்தால் பார்த்தேன். கூரையில் உளியின் கீறல் இல்லை. மண்பானையின் உட்புறம்போல் வழுவழுப்பாக வளைந்திருந்தது. ஆங்காங்கே கரி படிந்திருந்தது. எங்கள் பேராசிரியர் விளக்கினார்: அது தீயின் வேலை. பாறையை ஒட்டி விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள். கல் சூடேறி விரிந்து வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். பின் இரும்புக் கூருளியால் தளர்ந்ததைப் பெயர்த்தெடுப்பார்கள். வெடிமருந்து வரும்வரை உலகெங்கும் கடினப் பாறைக்கு இதுவே வழி. காற்றோட்டமில்லாத பொந்துக்குள் விறகை மூட்டி, புகை அடங்கக் காத்திருந்து, மறுபடி உள்ளே போன மனிதர்களை எண்ணிப் பார்த்தேன்.

சுரங்கத்தைவிட என்னை நிறுத்தியது ஊர்தான். அங்குள்ள பழைய சுவர்களில் செங்கல்லுக்குப் பதில் வேறு ஏதோ அடுக்கப்பட்டிருந்தது. ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில், ஒரு முனை பருத்து மறுமுனை குழாயாக நீண்ட சுடுமண் கூடுகள். பார்த்தால் கத்திரிக்காய்தான். ஊரைச் சுற்றி மேடு மேடாகக் கிடப்பவையும் அவையே. உடைந்தவையும் முழுதுமாக லட்சக்கணக்கான டன். இவை வாலைகள். நம் சித்த மருத்துவர்கள் திராவகம் வடிக்கும் கருவியை வாலை என்பார்களே, அதன் இனம். இந்த வாலையில் வடித்தது துத்தநாகம்.

துத்தநாகத்தை வடிப்பானேன்? செம்பையும் ஈயத்தையும் போல உருக்கி எடுக்கலாகாதா? ஆகாது, இங்கேதான் அந்த உலோகத்தின் குறும்பு. அதன் ஆக்சைடிலிருந்து கரி கொண்டு உலோகத்தைப் பிரிக்க ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டும். ஆனால் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. பிறக்கும்போதே ஆவியாகப் பிறக்கிறது என்று சொல்லலாம். அந்த ஆவி காற்றைத் தொட்டால் மீண்டும் வெள்ளைப் பொடியாகிவிடும். எனவே காற்றுப் படாமல் அதைப் பிடித்துக் குளிர்விக்க வேண்டும்.

ஜாவர் மக்கள் அதற்குக் கண்ட வழியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வறுத்த தாதுவை வேறு பொருள்களோடு சேர்த்து வாலைக்குள் அடைத்தார்கள். குழாய் முனையில் ஒரு குச்சியைச் செருகினார்கள். உலையின் நடுவே துளைகள் உள்ள ஒரு சுடுமண் தட்டு. அத்துளைகளில் வாலைகளைத் தலைகீழாக, ஆறுக்கு ஆறாக முப்பத்தாறு நிறுத்தினார்கள். மேலே தீ, கீழே குளிர்ந்த அறை. தலைகீழாக நிற்கும் வாலையிலிருந்து தாது கொட்டிவிடாமல் அந்தக் குச்சி தாங்கிக்கொள்ளும். உலை சூடேறும்போது தாது தானே இறுகிக்கொள்ளும். குச்சியோ கரிந்து சுருங்கி, ஆவி இறங்க நடுவில் ஒரு வழி விட்டுவிடும்! ஆவி கீழ் அறைக்கு இறங்கிக் குளிர்ந்து, துளித்துளியாகக் கலத்தில் சேரும். ஏழு உலைகள் ஒரே வரிசையில் இருந்ததை 1980களில் அகழ்ந்து கண்டார்கள். அவ்வாய்வை நடத்தியவர்கள் பரோடாப் பல்கலைக்கழகத்தாரும், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தாரும், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தாரும் ஆவர். ஏழு முப்பத்தாறு இருநூற்று ஐம்பத்திரண்டு வாலைகள் ஒரே வேளையில் வேலை செய்திருக்கின்றன. ரசரத்ன சமுச்சயம் என்னும் வடமொழி ரசவாத நூலும் இப்படிக் கீழ்நோக்கி வடிக்கும் முறையைக் கூறி, அந்த மூசைக்குக் கத்திரிக்காயின் பெயரையே சூட்டுகிறது. ஐரோப்பாவில் இத்தொழிலுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் 1738இல் உரிமை பெற்றார். அவர் முறையும் கீழ்நோக்கி வடிப்பதே. ஜாவர் அவருக்குப் பல நூற்றாண்டு மூத்தது.

இது கட்டுரைக்குப் புறம்பான கதை என்று நினைக்க வேண்டாம். வெள்ளிச் சுரங்கம் என்று நூல்கள் கூறிய ஊரில் மலைபோல் குவிந்து கிடப்பது துத்தநாகக் கழிவு. அப்படியானால் நூல்கள் ஏன் அப்படிக் கூறின?

மேவாரின் வரலாற்றை எழுதிய கர்னல் டாட் 1829இல் வெளியிட்ட நூலில், ராணா லாகாவின் ஆட்சியில், பீல் மக்களிடமிருந்து வென்றெடுத்த நிலத்தில், ஜாவரின் வெள்ளீயச் சுரங்கமும் வெள்ளிச் சுரங்கமும் கண்டுபிடிக்கப்பட்டதாகக் குறித்தார். லாகா 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவர். ஜாவரில் வெள்ளீயம் இல்லை; டாட் வெள்ளீயம் என்றது துத்தநாகத்தைத்தான். வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் மூன்றும் கண்ணுக்குச் சாம்பல் நிற உலோகங்கள். கடைக்காரரே மயங்கும் பொருள்கள். கர்னலைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அபுல் ஃபசல், அயினி அக்பரியில் ஜாவரைத் துத்தநாகச் சுரங்கம் என்று சரியாகவே எழுதிவைத்திருந்தார். பின்வந்தவர்கள் டாட்டின் நூலில் வெள்ளி என்ற சொல் மின்னியதைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கு இருக்கும் மதிப்பு துத்தநாகத்துக்கு ஏது! ஜாவர்த் தாதுவிலும் ஈயம் உண்டு, அதில் வெள்ளியும் உண்டு. ஆனால் ஊரின் பெருந்தொழில் எது என்பதை அந்தக் கத்திரிக்காய் மேடுகள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன. "கண்டுபிடித்தார்" என்பதும் சரியில்லை. ஜாவர்ச் சுரங்கத்தில் கிடைத்த மரத்துண்டுகளின் வயது ஏறக்குறைய 2,000 ஆண்டு. லாகா மூடிக்கிடந்ததை மீண்டும் திறந்தவராக இருக்கலாம்.

வெள்ளியைத் தேடுவோர் ஜாவரை விட்டு வடக்கே தரீபாவுக்கும் அகூச்சாவுக்கும் போக வேண்டும். அங்கே வாலைகள் இல்லை. கிடப்பது கருநிறக் கசடு. இரும்பு உருக்கும் இடத்துக் கிட்டம்போல் கண்ணாடித் தன்மையோடு உறைந்தது. ஆனால் அது ஈயம் உருக்கிய கசடு. அகூச்சாவின் தாதுவில் துத்தநாகம் ஈயத்தைவிடப் பல மடங்கு மிகுதி. அவ்வளவு துத்தநாகத்தையும் கழிவென்று ஒதுக்கிவிட்டு, குறைவாக இருந்த ஈயத்தைத் தேடித் தேடிப் பொறுக்கி உருக்கியிருக்கிறார்கள். மலிவான ஈயத்துக்காக யாரும் இந்தப் பாடு படமாட்டார்கள். ஈயத்துக்குள் இருந்த வெள்ளிக்காகவே பட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எதை வைத்துக்கொண்டார்கள் என்பதை நாம் காண முடியாது; அது கைமாறிப் போய்விட்டது. எதை எறிந்தார்கள் என்பது மட்டும் அப்படியே கிடக்கிறது.

தரீபாவில் இன்னொரு சிறப்பும் உண்டு. தாது நிலத்துக்கு வெளியே தலைகாட்டிய இடத்தில் மழையும் காற்றும் அதை அரித்து, துருவேறிய இரும்புத் தொப்பிபோல் ஒரு மேட்டை விட்டுச் சென்றிருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துக் காக்கிறது. இவ்வாறு சிதைந்த மேற்பகுதிகளில் மற்ற உலோகங்கள் கரைந்தோட, வெள்ளி பின்தங்கிச் செறிவது இயல்பு. எனவே பழையவர்கள் எடுத்த தாது, இன்று நாம் ஆழத்தில் எடுப்பதைவிட வெள்ளியில் வளமாக இருந்திருக்கும். அவர்களும் மேலோடு நின்றுவிடவில்லை. நூறு மீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கிறார்கள். சரியும் பக்கங்களுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்த கட்டுமானம் இன்றைய சுரங்க வேலையின்போது வெளிப்பட்டது. அம்மரத்தின் வயது ஏறக்குறைய 3,000 ஆண்டு என்று கரிமக் கணக்கு காட்டுகிறது. அகூச்சா அதற்குப் பிந்தியது, கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது.

கரிமக் கணக்கைப் பற்றி ஒரு சொல். மரம் உயிரோடிருக்கும்வரை காற்றிலிருந்து கதிரியக்கக் கரிமத்தைச் சேர்த்துக்கொள்கிறது. இறந்தபின் அது 5,730 ஆண்டுக்குப் பாதியாகத் தேய்கிறது. மிஞ்சியதை அளந்தால், அந்த வளையம் மரத்தில் எப்போது வளர்ந்தது என்று தெரியும். எப்போது வெட்டினார்கள், எப்போது சுரங்கத்தில் நட்டார்கள் என்று தெரியாது. இருநூறு வயது தேக்கின் உள்வைரத்தை அளந்தால் சுரங்கத்துக்கு இருநூறு வயது கூடிவிடும். "உலகிலேயே மூத்தது எங்கள் சுரங்கம்" என்று மேடையில் முழங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எனினும் தரீபா தொன்மையானது என்பதில் ஐயமில்லை. அதே மேவாரில், உதயப்பூரை ஒட்டிய ஆகாரில், 1961–62இல் நம் புனே டெக்கான் கல்லூரியின் எச்.டி. சங்காலியா தலைமையில் அகழ்ந்தபோது, அதைவிடப் பழைய செம்புக்கால மக்களின் ஊர் வெளிப்பட்டது. உலோகம் உருக்குவது அம்மலைநாட்டுக்குப் புதிய தொழில் அன்று.

இனி, ஈயத்திலிருந்து வெள்ளி வெளிவரும் காட்சி. கலீனாவை வறுத்துக் கரியோடு உருக்கினால் வெள்ளி கரைந்த ஈயம் கிடைக்கும். அதை எலும்புச் சாம்பல் போன்ற, நீர் உறிஞ்சும் தன்மையுள்ள குழிந்த மூசையில் இட்டு, ஆயிரம் டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் காற்று ஊதுவார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து மஞ்சள் நிற மிருதாரசிங்கியாக உருகி, கொஞ்சம் மிதந்து வழிய, மிச்சத்தை மூசை குடித்துவிடும். வெள்ளி காற்றோடு சேராது. ஈயம் முழுதும் போனதும், மங்கிக் கிடந்த உருகல் சட்டென்று கண் திறந்ததுபோல் மின்னும். நம் ஊர்த் தட்டார்கள் புடம் போடுவது என்று சொல்வது இதன் குடும்பத்து முறைதான். வெள்ளியைத் தூய்மை செய்ய ஈயம் சேர்க்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரமும் கூறுகிறது. சுரங்கங்களுக்கென்று தனி அதிகாரியையும் அது குறிப்பிடுகிறது.

அர்த்தசாஸ்திரம் என்றதும் வரலாற்று நண்பனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மோரியர் காலத்து வெள்ளி முத்திரை நாணயங்கள் அகூச்சா வெள்ளியால் ஆனவை, கீழடியில் கிடைத்த முத்திரை நாணயமும் போடிநாயக்கனூரில் கிடைத்த மீன் குறியிட்ட பாண்டியர் வெள்ளி நாணயங்களும் அந்த மலையிலிருந்தே வந்திருக்கும் என்று அவன் ஒரே மூச்சில் முடிவு கட்டினான். காலம் பொருந்துகிறது, ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் காலம் பொருந்துவது சான்றாகாது. வெள்ளி கடல் வழியாகவும் வரும் பொருள். ரோமானியரின் வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில் குடம் குடமாகக் கிடைத்திருக்கின்றனவே! பழைய காசை உருக்கிப் புதுக் காசு அடிப்பதும் உண்டு.

சோதித்தறிய ஒரு வழி இருக்கிறது. எவ்வளவு புடம் போட்டாலும் வெள்ளியில் ஈயம் அணுவளவு மிஞ்சும். அந்த ஈயத்தில் எடை வேறுபட்ட நான்கு வகை அணுக்கள் உண்டு. அவற்றில் மூன்று, யுரேனியமும் தோரியமும் சிதைவதால் காலப்போக்கில் பெருகுபவை. அதனால் அவற்றின் விகிதம், தாது உருவான காலத்தையும் இடத்தையும் பொறுத்து மாறும். 170, 180 கோடி ஆண்டு மூத்த ஆரவல்லி ஈயத்தின் விகிதம், மத்தியதரைக் கடல் பகுதியின் இளைய ஈயத்திலிருந்து நன்றாக வேறுபடும். மிகச் சிறிய துணுக்கிருந்தால் போதும், அளந்துவிடலாம். அளந்த பிறகு நண்பன் முழங்கட்டும், நானும் கைதட்டுகிறேன். அதுவரையில் கீழடியின் வெள்ளிக்கு நாம் ஊர் சூட்டாமல் இருப்போம்.

ஜாவர் எப்படி ஓய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்; அதில் நம் புனேவுக்கும் பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டில் பேஷ்வாக்களின் பெயரால் சென்ற சிந்தியா, ஹோல்கர் படைகள் மேவாரை மீண்டும் மீண்டும் கப்பம் கேட்டு வாட்டின. 1812–13இல் பெரும் பஞ்சம் வந்து மிச்சத்தையும் முடித்தது. உலைக்கு ஆளில்லை. நூறாண்டுக்கு மேல் மேடுகளில் முள் முளைத்துக் கிடந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துக்கொண்டதால் பாட்வின் ஈயம் கைவிட்டுப் போக, அரசினர்க்கு ஜாவரின் நினைவு வந்தது. புவியியல் ஆய்வுத்துறையினர் பழைய குழிகளைத் துப்புரவு செய்து ஆராய்ந்தனர். பின்னர் மெட்டல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் சுரங்கத்தை நடத்தியது. 1966இல் அது அரசின் இந்துஸ்தான் ஜிங்க் ஆயிற்று. 2002இல் தனியார் நிர்வாகத்துக்கு மாறிற்று. அகூச்சாவின் தாதுப் படிவு 1977இல் தான் ராஜஸ்தான் மாநிலச் சுரங்கத்துறையினரால் அடையாளம் காணப்பட்டது. 1991 முதல் வெட்டப்படுகிறது. இன்று அது உலகப் பெருஞ்சுரங்கங்களில் ஒன்று. பழைய குழிகளும் கசடு மேடுகளும் இருந்த இடத்தில்தான் அந்தப் படிவு கிடந்தது. எறியப்பட்ட கசட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்குத் தாது தானே அகப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அகூச்சாவின் பழைய மக்கள் வெள்ளிக்காகத் துத்தநாகத்தை எறிந்தார்கள். 1850இல் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ் கண்ட முறையிலோ, ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்கத் துத்தநாகமே கருவி ஆயிற்று. உருகிய ஈயத்தில் துத்தநாகத்தைக் கலந்தால் இரண்டும் எண்ணெயும் நீரும்போல் பிரியும்; வெள்ளி ஈயத்தைக் கைவிட்டுத் துத்தநாகத்தோடு மேலே வந்துவிடும். ஆடைபோல் அதை வழித்தெடுக்கலாம்.

இப்போது என் திருத்திய விடை. இந்தியாவின் சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 700 டன் வெள்ளி கிடைக்கிறது. ஏறக்குறைய முழுவதும் ராஜஸ்தானத்தின் ஈய, துத்தநாகச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. தரீபாவை அடுத்த சிந்தேசர் குர்து சுரங்கத்துத் தாதுவில் டன்னுக்கு நூறு கிராமுக்கு மேலும், அகூச்சாவில் ஐம்பது கிராம் அளவிலும் வெள்ளி உண்டு. நாட்டின் தேவையோ பல ஆயிரம் டன்; ஆதலால் கடையில் இருப்பதில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு என்று நான் சொன்னது மட்டும் நிற்கும்.

சென்ற வாரம் இதையெல்லாம் பொறியியல் அண்ணனிடம் சொன்னேன். அவர் பொறியியல்காரர் அல்லவா, உடனே கணக்குப் போட்டார். தங்கைக்கு வாங்கிய கொலுசு நூறு கிராம். அகூச்சாத் தாது என்றால் இரண்டு டன்; உருக்குவதில் போகும் சேதாரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். "இரண்டு டன் கல்லை உடைத்தா அந்தக் கொலுசு வந்தது? கடைக்காரன் செய்கூலி அதிகம் கேட்டான் என்று அரைமணி நேரம் சண்டை போட்டேனே, தம்பி!" என்றார்.